செந்தட்டி கட்டிய துண்டு

சீனித்தாய் துப்பாக்கி இல்லாமல், நாய் இல்லாமல், கூட ஒரு ஆள் இல்லாமல் காட்டு வான்கோழியைப் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வருஷத்திலிருந்துதான் கீழப்பாறைக்குளத்து ஆட்களின் வாயிலிருந்து சிவப்பு நூல் வர ஆரம்பித்தது. அது எப்படி வரும் என்று மருத்துவம் படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும், எனக்கு அந்தக் கவலை இல்லை. நான் பக்கத்து ஊர்க்காரன். அந்தக் கறியில் ஒரு வாய்கூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை, அதனால் வாயை நன்றாகத் திறந்தே இதைச் சொல்ல முடியும்.

அந்தக் காட்டில் வான்கோழி ஏது என்று கேட்பீர்கள். மலையடிவாரத்தில் யாரோ ஒரு டவுன்காரர் கம்பிவேலி போட்டு வான்கோழிப் பண்ணை வைத்தார், வியாபாரம் படுத்துவிட்டது, ஒருநாள் வேலிக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்த வேனிலேயே ஏறிப் போய்விட்டார். கோழிகள் சீமைக்கருவேலங்காட்டுக்குள் நுழைந்தன. நரி தின்றது போக, பாம்பு முட்டை குடித்தது போக, மிச்சமிருந்தவை குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சுகள் குஞ்சு பொரித்து, உடம்பு சிறுத்து, நிறம் கறுத்து, சிறகு நீண்டு, பனைமரத்தில் ஏறி உறங்கப் பழகி, ஆளைக் கண்டால் பறந்துவிடுகிற காட்டுப் பறவையாகவே மாறிவிட்டன. அதற்கு முன்னால் கீழப்பாறைக்குளத்தில் சாமிக்கு முயல் வேட்டைதான். முயலைத் தொடாதே, மயிலைத் தொடாதே, கௌதாரியைத் தொடாதே என்று காட்டிலாகாக்காரர்கள் வந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போக, யாருக்கும் சொந்தமில்லாமல் திரிந்த வான்கோழியை ஊர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பங்குனி பிறந்து சேவல்கள் கழுத்து சிவந்து கத்தத் தொடங்கினால் வேட்டை தொடங்கும், சித்திரைப் பொங்கலோடு முடியும்.

அந்த வேட்டைக்கு இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று துண்டு. வான்கோழியை விரட்டிப் பிடிக்க முடியாது. ஒரு ஆள் புதருக்குள் உட்கார்ந்து சேவல் மாதிரியே கொளகொளவென்று கூப்பிட வேண்டும், அந்தக் குரலோடு சண்டை போட வருகிற சேவலைத் தள்ளி நிற்கிற துப்பாக்கிக்காரர்கள் சுடுவார்கள். கூப்பிடுகிறவன் உள்ளே போகுமுன் தன் சிவப்புத் துண்டைப் புதரின் உச்சிக் கிளையில் கட்ட வேண்டும். துண்டு இருக்கிற புதர் பக்கம் ஒரு துப்பாக்கியும் திரும்பாது. இன்னொன்று கைப்பங்கு. பருவத்தின் முதல் கோழியை எந்தக் கை வீழ்த்துகிறதோ அந்தக் கையே அதை அறுத்து, வீட்டுக்கு வீடு போய்ப் பங்கு கொடுக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் வீட்டிலுள்ள எல்லாரும் அதைத் தின்றாக வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத வீடானாலும் வாங்க மறுக்கக் கூடாது, மறுத்த வீட்டுக்கு அதன்பின் கோயிலில் திருநீறு கிடையாது. ஊருக்குள் பகை வளரக் கூடாது என்றுதான் அந்தக் காலத்தில் இதை ஏற்படுத்தியிருக்கிறார்கள், பாவம்.

சீனித்தாயின் புருஷன் செந்தட்டிதான் ஊருக்காகப் புதரில் உட்கார்ந்து கூப்பிடுகிறவன். வீட்டில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கூப்பிட்டுப் பழகும்போது அவள் சிரித்துச் சிரித்து மாவு கரைக்க முடியாமல் கரண்டியை ஓங்கிக்கொண்டு அடிக்க வருவாள். அன்று காலையில் துண்டை எடுத்துக் கொடுத்ததே அவள்தான். அதன் ஒரு முனையை ஆடு கடித்திருந்தது, அந்த இடத்தை வெள்ளை நூலால் அவளே தைத்திருந்தாள். அந்தத் துண்டை அவன் உச்சிக் கிளையில் கட்டினான், உள்ளே போய் உட்கார்ந்தான், கிழக்கு வெளுக்கும்போது கூப்பிட்டான். அவ்வளவு பக்கத்தில் அவ்வளவு பெரிய சேவலா என்று மதி மயங்கி, மேலே பார்க்காமல் புதரைப் பார்த்துச் சுட்டவர் திருவேங்கடம்: சீனித்தாய்க்கு முறைக்கு மாமா, வேட்டைக்குத் தலைவர், ஊர்த் தோட்டங்களுக்குத் தண்ணீர் விடுகிற பெரிய கிணற்றின் சொந்தக்காரர்.

செந்தட்டியின் உடம்பு வீடு வந்தது, துண்டு வரவில்லை. துண்டு கட்டாமல் போய் உட்கார்ந்துவிட்டானே என்று திருவேங்கடம் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுகை நிஜம்தான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கட்டியிருந்தும் சுட்டார் என்றால் ஊரிலுள்ள துப்பாக்கி எல்லாம் ஸ்டேஷனுக்குப் போகும், வேட்டை நிற்கும், கிணற்றுக்காரர் ஜெயிலுக்குப் போவார், தண்ணீரும் அவரோடு போகும். கட்டவில்லை என்றால் எல்லாம் செத்தவன் தலையோடு போய்விடும். ஊர் கூடி யோசித்தது, யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. கோயில் வாசலில் வேட்டைக்குப் போன ஆண்களும், கஞ்சி கொண்டுபோன பெண்களும், ஒருவர் பின் ஒருவராக வந்து, துண்டு இல்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். போலீஸ் வந்து கேட்டபோதும் அதையே சொன்னார்கள்.

அதோடாவது விட்டிருக்கலாம். ஊர் வாய் சும்மா இருக்குமா? ஹெல்மெட் போடாமல் வண்டி எடுக்கிறவனை, அடுப்பை அணைக்காமல் கடைக்குப் போகிறவளை, தாழ்ப்பாள் போடாமல் உறங்குகிறவனை, செந்தட்டி துண்டு கட்டின மாதிரி என்று கேலி பேச ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் அது அந்த ஊர்ப் பேச்சாகவே ஆகிவிட்டது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் சொன்னார்கள், சீனித்தாய் குழாயடியில் குடத்தோடு நிற்கும்போதே அவள் காதில் விழச் சொன்னார்கள். புருஷன் செத்ததைக்கூட அவள் எப்படியோ விழுங்கியிருப்பாள், இந்தப் பேச்சை அவளால் விழுங்க முடியவில்லை. அவன் துண்டு கட்டினான் என்று இந்த ஊர் வாயாலேயே சொல்ல வைக்காமல் நான் சாகமாட்டேன் என்று தன் ஆடுகளிடம் சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

செந்தட்டிக்குப் பிறகு கூப்பிடத் தெரிந்தவன் ஊரில் இல்லை. செல்போனில் சத்தம் பிடித்து ஸ்பீக்கர் வைத்து ஒலிக்கவிட்டார்கள், அந்தக் கோழிகள் ஒன்றும் அவ்வளவு முட்டாள்கள் இல்லை. பருவத்துக்குப் பருவம் துப்பாக்கிகள் எண்ணெய் வாசத்தோடு போய் எண்ணெய் வாசத்தோடு திரும்பின, சாமிக்கு ரத்தம் காட்டாமலே பொங்கல் வைத்தார்கள். நான் சொல்கிற அந்த வருஷமும் கடைசி நாள் மதியம் வரைக்கும் ஒரு இறகு கிடைக்கவில்லை. துப்பாக்கிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆட்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதே வெயிலில் சீனித்தாய் ஆட்டுக்குக் கருவேல நெற்று உலுக்க நுனியில் கொக்கி வைத்த நீளத் துரட்டியோடு காட்டுக்குள் நின்றாள், நின்ற இடம் செந்தட்டி உட்கார்ந்திருந்த அந்தப் புதர்தான். அங்கே அவளுக்கு ஒரு ஆசை வந்தது, அல்லது கோபம் வந்தது, அவளுக்கு அப்போதெல்லாம் இரண்டும் ஒன்றுதான். வாழ்நாளில் ஒருதரம்கூட முயன்று பார்க்காதவள், அடுப்புப் பக்கத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிய அந்தச் சத்தத்தை, வாயைக் குவித்துக் கூப்பிட்டாள். செந்தட்டியின் குரலே வந்தது. புதர் விலகி, யாரும் அதுவரை பார்த்திராத உயரத்தில் ஒரு சேவல், கழுத்துத் தொங்கல் நெஞ்சு வரைக்கும் சிவப்பாக ஆட, நிதானமாக நடந்து வந்து, அவள் முன்னால் நின்று, கழுத்தை நீட்டிக் கொடுத்தது. துரட்டியை மாட்டி ஒரே இழுப்பாக இழுத்தாள்.

இரண்டு பக்கமும் சிறகு தெருவைப் பெருக்கிக்கொண்டு வர அவள் டீக்கடையைத் தாண்டியபோது பெஞ்சில் இருந்தவர்கள் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். முதலில் எழுந்தவர் திருவேங்கடம். பெண்பிள்ளை கையால் வேட்டைப் பங்கு வாங்குகிற வழக்கம் நமக்கு இல்லை என்றார். பூசாரி கொஞ்சம் யோசித்து, வழக்கத்தில் கை என்றுதான் இருக்கிறது, யார் கை என்று இல்லையே என்றார். அவருக்கும் பல பருவமாகக் கறி காணாத நாக்கு, ஊருக்கும் அதே நாக்கு, எல்லாரும் பூசாரி பக்கம் சாய்ந்தார்கள். பங்கு வாங்கினால் பகை தீர்ந்தது, இனி இவள் நம்மை முறைத்துக்கொண்டு திரியமாட்டாள் என்று அவர்களுக்கு ஒரு கணக்கும் இருந்தது.

அவள் கோயில் வாகை மரத்தடியில் வாழையிலை விரித்து அறுத்தாள். பாதி ஊருக்குக்கூடக் காணாது என்று நினைத்த கறி வீட்டுக்கு வீடு கொடுக்கக் கொடுக்க இலையில் இருந்துகொண்டே இருந்தது, சூடம் அணைத்த வீடு ஒன்றையும் அவள் விடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சுத்தான் பேசினாள்: "சாப்பிடுங்க. அவரு கூப்பிட்டு வந்தது." திருவேங்கடம் வீட்டுக்குக் கழுத்துக் கறியைக் கொடுத்தாள். அறுத்தவளுக்கு வழக்கப்படி கடைசியில் கோழிக் கால்கள்தான், அவற்றை அவள் தின்னாமல் ஆட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் புதைத்தாள். கறி பிரமாதமாக இருந்தது என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள், அதைச் சொல்வதில் அவர்களுக்கு ஒரு வெட்கமும் இல்லை.

மறுநாள் காலையில் மாடக்கண்ணு குழாயடியில் பல் துலக்கிக் கொப்பளித்தபோது நாக்கில் ஏதோ இடறியது. மாடக்கண்ணு செந்தட்டியோடு ஒரே தட்டில் தின்று வளர்ந்தவன், கோயில் வாசலில் முதல் சூடத்தை அணைத்தவனும் அவன்தான். விரலை விட்டு எடுத்தால் சிவப்பு நூல். இழுத்தான், வந்தது, இன்னும் இழுத்தான், இன்னும் வந்தது, முழம் முழமாக வந்து காலடியில் குவிந்தது, வலியில்லை, ரத்தமில்லை, நெஞ்சு மட்டும் லேசாகக் கூசியது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினால், குழாயடியில் நின்றவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். சூடம் அணைத்தபோது பிறந்திராத பிள்ளைகளுக்கு வரவில்லை, பின்னால் வாழ வந்த மருமகள்களுக்கு வரவில்லை, எலும்பு கடித்த நாய்களுக்கு வரவில்லை, சூடம் அணைத்தவர்களுக்கு, ஒரே ஒரு ஆள் தவிர, பாக்கியில்லாமல் வந்தது. அந்தச் சிவப்பு எந்தச் சிவப்பு என்று பார்த்த மாத்திரத்தில் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்ததை ஒருவரும் சொல்லவில்லை.

உண்மையைச் சொல்வதைவிட நூலோடு வாழ்வது லேசு என்று அவர்கள் முடிவு செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமை. முதல் வாரம் வாயில் துணியை வைத்துக்கொண்டு அலைந்தார்கள், அடுத்த வாரம் பழகிவிட்டது. காலையில் எழுந்ததும் முற்றத்துக் கம்பத்தில் நுனியைக் கட்டிவிட்டுப் பின்னாலேயே நடந்து நடந்து இழுத்துவிட்டால் மதியம் வரைக்கும் தொந்தரவில்லை என்று ஒருவர் கண்டுபிடித்தார், மறுநாள் ஊரே முற்றத்தில் பின்னால் நடந்தது. பெண்கள் அந்த நூலில் கதம்பம் கட்டினார்கள், பையன்கள் பட்டம் விட்டார்கள், கன்றுக்குட்டிக்குக் கழுத்துக் கயிறு முறுக்கினார்கள், கிழிந்த சாக்குகளையெல்லாம் தைத்து முடித்தார்கள், ஆடியில் கோயிலுக்கு மாவிலைத் தோரணம் அதில்தான் கட்டினார்கள். அடுத்தவர் வாயில் தொங்குகிற நூலைத் தொடக் கூடாது, சாப்பிடும்போது எதிரே இருப்பவருக்கு நூல் எட்டிப் பார்த்தால் கண்ணைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று மரியாதை முறைகள்கூட உண்டாகிவிட்டன.

வெளியூர் டீச்சர் கேட்டதற்கு எங்கள் ஊர்த் தண்ணீரில் இரும்புச் சத்து அதிகம் என்றார்கள். மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டர் வாயில் லைட் அடித்துப் பார்த்துவிட்டுப் பூச்சி மாத்திரை கொடுத்தார். கல்யாணத் தரகர்கள் அந்த ஊர் வரன் என்றால் நூல் வரும் வீடா, வராத வீடா என்று முதலில் கேட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு சடங்கு வீட்டுக்கு அவர்கள் வந்தபோது நானே பார்த்தேன்: கடைசிப் பந்தியில் தனியாக உட்கார்ந்து, பாயசம் வருவதற்கு முன்னால் எல்லாரும் ஒன்றாக எழுந்து கொல்லைப்பக்கம் போய், இழுத்துச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி பாயசம் குடித்தார்கள். ஒரே ஒரு பேச்சு மட்டும் அந்த ஊரில் நின்றுபோனது. செந்தட்டி துண்டு கட்டின மாதிரி என்று எவனாவது வாயைத் திறந்தால் நூல் பந்தாக மேலே வந்து பேச்சை அடைத்தது.

திருவேங்கடத்துக்கு மட்டும் நூல் வரவில்லை. அவர் தினமும் டீக்கடையில் வந்து நின்று வாயை ஆவென்று திறந்து காட்டினார், சுட்டவன் நான், எனக்கே ஒன்றுமில்லை, அப்படியென்றால் இது வேறு ஏதோ நோய் என்றார். நூலை மென்றுகொண்டிருந்தவர்கள் அவரை ஒருமாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தது அப்போதுதான். அவருக்காகத்தானே வாயைக் கொடுத்தோம், அவர் வடை தின்கிறார், நாம் நூல் துப்புகிறோம் என்று அவர்களுக்குள் ஒரு எரிச்சல் ஏறியது. சீனித்தாய் அந்த எரிச்சலைத் தூரத்திலிருந்து பார்த்தாள், ஆடு சினையாவதைப் பார்க்கிற பொறுமையோடு பார்த்தாள்.

முதலில் உடைந்தவன் மாடக்கண்ணு. ஒரு சாயங்காலம் தலைச்சுமையாக நூல் உருண்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் ஆட்டுக் கொட்டில் வாசலில் இறக்கினான்.

"மதினி, இத வாங்கிக்கங்க. உங்களுதுதான்."

"என்னுதுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் ஒரு உருண்டையை எடுத்து அவள் காலடியில் வைத்தான். பிறகு, "கட்டியிருந்தாரு மதினி. நான் பார்த்தேன். எல்லாரும் பார்த்தோம்," என்றான். அவன் வாயில் தொங்கிய நூல் பல்லில் கடித்தது மாதிரி அறுந்து விழுந்தது. அத்தனை நாள் அடைபட்டிருந்த தொண்டை திறந்ததும் மிச்சமும் தானாக வந்தது. "சுட்டதும் ஓடிப் போயிப் பார்த்தோம். உசுரு இருந்துச்சு. நாங்க வண்டிக்கு ஓடுனோம். திரும்பிப் பார்த்தா மாமா துண்ட அவுத்துக்கிட்டு நிக்காரு. அண்ணன் கெடந்த வாக்குல அதப் பார்த்துக்கிட்டே இருந்தாரு மதினி."

சீனித்தாய் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை மெதுவாகக் கீழே வைத்தாள். அவன் துண்டு கட்டினான் என்பது அவளுக்கு எப்போதும் தெரியும், இது தெரியாது. தொடையில் பட்ட குண்டு அது. அந்தத் துண்டை அவிழ்த்த கை அதே துண்டால் தொடையை இறுக்கிக் கட்டியிருந்தால் வண்டி வரும்வரை ரத்தம் நின்றிருக்கும். அதுவரை அவள் கேட்டது ஒரு சொல், இனி அவளுக்கு ஒரு ஆள் வேண்டும்.

மாடக்கண்ணு கைகூப்பி மன்னிப்புக் கேட்டான். மன்னிப்பெல்லாம் கோயிலில் போய்க் கேளு, சூடம் அணைத்தது அங்கேதானே என்றாள். பிறகு, இப்போது சொன்னதை டீக்கடை முன்னால் நின்று சத்தமாகச் சொல்லு, ஆட்டுச் சத்தத்தில் எனக்குக் காது மந்தம் என்றாள். அவன் போய்ச் சொன்னான். ஒருவனுக்கு நூல் நின்றது தெரிந்ததும் ஊரே அவள் வாசலில் வரிசை கட்டியது. ஆண்கள் வந்தார்கள், பெண்கள் வந்தார்கள், பூசாரியும் வந்தார், கட்டியிருந்தான், கட்டியிருந்தான் என்று ஒவ்வொருவராகச் சொல்லி, உருண்டைகளைக் குவித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அவள் ஒருவரையும் உட்காரச் சொல்லவில்லை, ஒருவருக்கும் தண்ணீர் கொடுக்கவில்லை. கட்டின துண்டின் நிறம் என்ன, எந்த முனையில் தையல் இருந்தது என்று ஆளாளுக்குக் கேட்டுச் சொல்ல வைத்தே அனுப்பினாள்.

குவிந்த நூலை மாட்டுவண்டியில் ஏற்றி எங்கள் ஊர்த் தறிக்காரரிடம் கொண்டுவந்தாள். அவ்வளவு நூலில் ஊருக்கே வேட்டி நெய்யலாம், தறியில் ஏற்றினால் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு துண்டுக்குத்தான் காணும் என்றது. ஒரு முனையில் ஆடு கடித்த இடமும் வெள்ளைத் தையலும் தானாகவே விழுந்திருந்தன. தவறாக நெய்துவிட்டேன் தாயி என்று தறிக்காரர் வருத்தப்பட்டார். சரியாகத்தான் நெய்திருக்கிறீர்கள் என்று அவள் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

எல்லாருக்கும் நூல் நின்ற அன்றைக்குத் திருவேங்கடத்தின் தொண்டையில் முடிச்சு வந்து உட்கார்ந்தது. துண்டை இறுக்கிக் கட்டினால் விழுமே, அந்த மாதிரி முடிச்சு. விழுங்கினாலும் இறங்கவில்லை, செருமினாலும் ஏறவில்லை. கஞ்சித் தண்ணீர் மட்டும் அதைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. டவுன் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். அவர் அந்த ஒன்றுமில்லாததோடு இளைத்துக்கொண்டே போனார். கிணற்றுத் தண்ணீரை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டிப் பார்த்தார். ஊர் அசையவில்லை. கடைசியில் அவர் தன் மனைவி வேலம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு சீனித்தாய் வாசலுக்கு வந்தார். தெருவே பின்னால் வந்து நின்றது.

"தெரியாமச் சுட்டுட்டேன் தாயி," என்றார். முடிச்சு அசையவில்லை.

"சுட்டது தெரியாம, மாமா. அவுத்தது?"

அடுத்த பருவத்துக்கு அதே புதரில் நீங்கள் உட்கார்ந்து கூப்பிட வேண்டும், துண்டை நான் கட்டுகிறேன் என்று சீனித்தாய் சொன்னாள். அவ்வளவுதானா என்று வேலம்மாள் கேட்டாள். அவ்வளவுதான் அத்தை என்றாள் சீனித்தாய். இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாளே என்று ஊர் அவளுக்காகக் கொஞ்சம் ஏமாந்துகூடப் போனது.

பங்குனி பிறந்தது. வேட்டையின் முதல் நாள் விடியலில், சொன்னபடி அவளே உச்சிக் கிளையில் துண்டைக் கட்டினாள், திருவேங்கடம் உள்ளே போய் உட்கார்ந்தார், ஊரின் துப்பாக்கிகள் எல்லாம் சுற்றி நின்றன. அவர் வாயைத் திறந்தார். சோற்றுக்கு இடம் கொடுக்காத முடிச்சு அதற்கு மட்டும் வழிவிட்டது. செந்தட்டியின் தொண்டையில்கூட வந்திராத சுத்தமான சேவல் குரல் கொளகொளவென்று மலையில் போய் முட்டித் திரும்பியது. காடு மொத்தமும் பதில் சொன்னது. பல வருஷமாகக் கண்ணில் படாத கோழிகள் கூட்டம் கூட்டமாக வந்து புதரைச் சுற்றின, துப்பாக்கிகள் தாமாகவே தோளுக்கு ஏறின, ஒவ்வொரு குழலும் கோழியைத் தேடிக்கொண்டு துண்டுக்குக் கீழே வந்து நின்றது.

அப்போது சீனித்தாய் துப்பாக்கிகளுக்கு நடுவே நடந்து போனாள். கோழிகள் அவளுக்கு வழிவிட்டன. துரட்டியால் கிளையை வளைத்து, முடிச்சை நிதானமாக அவிழ்த்து, துண்டை ஒருதரம் உதறி, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்க. துண்டு இருக்கா?"

முதலில் மாடக்கண்ணு இல்லை என்றான், பூசாரி இல்லை என்றார், ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் இல்லை என்றார்கள். கோயில் வாசலில் சொன்ன அதே வரிசையில் அதே சொல்லைச் சொன்னார்கள், இந்தத் தடவை அது உண்மையாக இருந்தது. புதருக்குள் இருந்தவருக்கு ஒவ்வொரு குரலும் தெளிவாகக் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் ஆட்டை அவிழ்க்க வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. கோழிகள் கலைந்தன, வெயில் ஏறியது, ஆட்கள் குழல்களைத் தாழ்த்திக்கொண்டு சாப்பிடப் போனார்கள். திருவேங்கடம் மட்டும் வெளியே வரவில்லை. துண்டு இல்லாத புதரில் எதுவாவது அசைந்தால் துப்பாக்கி பிடித்தவன் என்ன செய்வான் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும். வேலம்மாள் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோய், துப்பாக்கி எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டது, எழுந்து வாருங்கள் என்று கெஞ்சினாள். உள்ளேயிருந்து கொளகொள என்று பதில் வந்தது. மறுநாள் ஊர் மொத்தமும் திரண்டு போய், இங்கே ஒரு துப்பாக்கியும் இல்லை என்று ஒரே குரலில் சொல்லிப் பார்த்தது, கடைசியில் புதருக்கு முன்னாலேயே சூடம் ஏற்றி ஆளாளுக்கு அணைத்துச் சத்தியம் செய்தது. இலைகளுக்கு நடுவே அவருடைய கண்கள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தன. அந்த ஊர் ஒரே குரலில் சத்தியம் செய்தால் அதன் அர்த்தம் என்ன என்று அவருக்குத் தெரியும். அவர் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

மழைக்காலம் போனது, பனி போனது. அந்த வழியாகப் போகிறவர்கள் இப்போது கொஞ்சம் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள். வேலம்மாள் தினமும் கஞ்சி வைத்துவிட்டு வருகிறாள், வாளி காலியாகத் திரும்புகிறது, கொளகொள மட்டும் நிற்கவில்லை. சீனித்தாய் தன் துணிக்கொடியைக் காட்டில் அந்தப் புதருக்கு நேர் எதிரே கொண்டுபோய்க் கட்டியிருக்கிறாள். துவைத்த துண்டை அவள் தினமும் அங்கேதான் காயப்போடுகிறாள், காற்றில் அது படபடக்கும்போது புதருக்குள் சத்தம் கூடும்.

போன மாதம் வேலம்மாள் அவள் வாசலில் வந்து நின்றாள். நான் ஆட்டுக் கிடா பார்க்கப் போயிருந்ததால் என் காதாலேயே கேட்டேன்.

"அந்தத் துண்டு மேல கட்டியிருந்தா நம்பி வெளிய வந்துருவாரு தாயி. ஒரே ஒரு நாளைக்குக் குடு."

சீனித்தாய் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்தத் துண்டு, அத்தை?"

சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் நின்று, நாக்கால் பல்லுக்குள் மெதுவாகத் துழாவிப் பார்த்தாள். நூல் எதுவும் வரவில்லை. துரட்டியை எடுத்துக்கொண்டு ஆடுகளுக்குப் பின்னால் போனாள்.